எட்டு நாளில் ஐந்து முத்திரை

அலமாரிக்குள் ஒரு பாஸ்போர்ட், ஒரு முதுகுப்பை, ஒரு குடை. மறுநாள் வீட்டுக்காரரோடு மூன்றும் பயணம் கிளம்புகின்றன.

"எட்டு நாள், அஞ்சு நாடு. மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம்," என்றது பாஸ்போர்ட்.

குடைக்கு ஒரே ஒரு ஆசைதான். "அண்ணே, அந்தப் பக்கமெல்லாம் பெருமழை பெய்யுமாமே. ஒருநாளாவது என்னை விரிச்சுக்கிட்டு நடப்பாங்களா?"

"மழையா? நான் நனைஞ்சா முத்திரை கலைஞ்சு போகும். வெளியே நடக்கவெல்லாம் நேரமில்லை. வரிசையில நிக்கணும், முத்திரை வாங்கணும், அடுத்த விமானத்துக்கு ஓடணும்."

"சாப்பாடு?" என்றது பை.

"அதான் உன் வயித்துல புளிக்காய்ச்சல் பாட்டில் இருக்கே!"

குடை விடவில்லை. "ஒரே ஒரு ஊர்ல நாலு நாள் தங்கினா என்னண்ணே?"

"தங்கிட்டு? ஒத்தை முத்திரையோட வந்து நின்னா, மேசைக்குள்ள இருக்கிற பழைய பாஸ்போர்ட் என்னைப் பார்த்துச் சிரிக்காதா?"

அந்த நேரம் வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. கோயிலுக்குக் கிளம்பிய வீட்டம்மா அலமாரியைத் திறந்தார். பையின் ஓரத்திலிருந்து குடை தானே நழுவி அவர் காலடியில் விழுந்தது.

"ஏய், எங்கே போறே? அங்கே மழை பெய்தா நாங்க என்ன பண்றது?" என்று கத்தியது பாஸ்போர்ட்.

"உங்களுக்கு எதுக்குண்ணே குடை?" என்றது அது, வீட்டம்மாவின் கையில் விரிந்துகொண்டே. "நீங்க கூரை விட்டுக் கூரைதானே போறீங்க."