ஆணியில் தொங்கிய ரொட்டி

"ஆணியில இருந்த ரொட்டி எங்கடி?"

முக்காரம் என்ற வார்டன் போட்ட சத்தத்தில் சமர்கந்தின் அந்த மாணவியர் விடுதியே சமையலறை வாசலுக்கு வந்துவிட்டது. அவருக்கு வயது அறுபதைத் தாண்டியாச்சு. ஆனாலும் எல்லாருக்கும் 'ஓபா', அதாவது அக்காதான்.

இயர்போனைக்கூடக் கழற்றாமல் நின்றவர்களைப் பார்த்ததும் ஓபாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க காலத்துல நாற்பது பேருக்கு ஒரே கொப்பரைச் சோறு. ஒருத்திக்குக் காய்ச்சல்னா மாடியே தூங்காது. இப்போ? ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு போன், வாசல்ல வந்து இறங்குற பொட்டலச் சோறு. பக்கத்து அறைக்காரி செத்தாக்கூட உங்களுக்குத் தெரியாது!"

அந்த ரொட்டியின் கதை எல்லாருக்கும் தெரியும். பயணம் கிளம்புகிறவர் ரொட்டியில் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போனால், மிச்சத்தைத் தின்னப் பத்திரமாகத் திரும்பி வருவார் என்பது ஊர் நம்பிக்கை. மாணவர்களைப் பருத்தி பறிக்க லாரியில் ஏற்றிப்போன காலத்தில், ஓபாவின் அறைத்தோழி சனோபரும் அப்படிக் கடித்து இந்தச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனாள். வழியில் லாரி கவிழ்ந்தது. சனோபர் வரவே இல்லை; ரொட்டி மட்டும் ஆணியிலேயே தொங்கியது. ஓபாவும் படிப்பு முடிந்து இங்கேயே வார்டனாகத் தங்கிவிட்டார்.

"நேத்து இவதான் துப்பட்டாவுக்குள்ள எதையோ மறைச்சு எடுத்துட்டுப் போனா." யாரோ முதலாண்டு ஹுல்கரைக் கைகாட்டினாள்.

"குப்பையில போட்டியா? அடிப்பாவி! சாயங்காலத்துக்குள்ள பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்பு!"

ஹுல்கர் அறைக்கு ஓடி வந்து அழுதாள்.

"உண்மையைச் சொல்லித் தொலையேன்டி," என்றாள் அவளுடைய அறைத்தோழி ஓய்தின். இறுதியாண்டுக்காரி.

"என்னன்னு சொல்ல? சனோபரோட ரொட்டியை எலி எப்பவோ தின்னுடுச்சு, வருஷா வருஷம் புதுசா வர்றவ ஒருத்தி கடிச்சு மாட்டறோம்னா? ஓபா தாங்குவாங்களா? உசுரே போனாலும் சொல்லாதேன்னு நீதானே சொன்னே! எலி கடிச்சதை எடுத்துட்டு, பரீட்சைப் பயத்துல புதுசை மாட்ட மறந்தது என் தப்புதான். நான் போறேன், விடு."

"அப்பாகிட்ட என்னடி சொல்லுவே?"

ஹுல்கர் துணிமணிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஓபா! மேஜைமேல், கிளம்பும்முன் மாட்ட ஹுல்கர் ஒரு வாய் கடித்து வைத்திருந்த புது ரொட்டி. மறைக்க நேரமில்லை.

ஓபா அதைக் கையில் எடுத்தார். கடித்த இடத்தை விரலால் தடவினார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க ஓபா... உங்களை ஏமாத்தணும்னு..."

"சனோபருக்கு முன்பல் ஒண்ணு கிடையாதுடி. எத்தனையோ வருஷமா ஆணியில இருந்த ஒரு ரொட்டியிலயும் அந்த அடையாளத்தை நான் பார்க்கல."

 ஓபா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காலி ஆணியைப் பார்த்ததும், வருஷா வருஷம் எனக்காக மாட்டற உங்க மனசும் போயிடுச்சுன்னு நினைச்சுட்டேன். போ, போய் மாட்டு. நான் எதையும் பார்க்கல."