வண்டி நிற்காத சந்து

மழை விட்டும் சந்தெங்கும் கூரைகள் சொட்டுகின்றன. குப்பை வண்டியின் பாட்டு தூரத்தில் கேட்டதுமே வீட்டுக்கு வீடு கதவு திறக்கிறது. பையும் கையுமாக எல்லோரும் பெரிய சாலைக்கு ஓடுகிறார்கள். போன மாதம்வரை வண்டி இங்கேயே, லியாவ் நடத்தும் நூடுல்ஸ் கடை வாசலிலேயே நின்றது. மாவட்டத்தின் குப்பைத் திட்டத்தைப் புதுப்பித்தபோது அந்த நிறுத்தத்தை நீக்கியவள் கடையின் மாடியில் குடியிருக்கும் யாஹுய்தான். அவள் வீட்டுக் குப்பை ஒரு கைக்கு அடக்கம். நடக்கிற தூரம்தானே என்று நினைத்துவிட்டாள். இப்போது அலுவலக அட்டையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு லியாவின் பின்னால் நடக்கிறாள். அவரோ எச்சில் வாளியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்துப் போகிறார். எலும்பு மிதக்கும் சூப்பு தளும்பி அவர் செருப்பை நனைக்கிறது.

"எந்த மகராசனோ ஏசி ரூம்ல உக்காந்து கோடு போட்டிருக்கான். ஒரு நாள் இந்த வாளியத் தூக்கச் சொல்லணும் அவன!" என்று மூச்சு வாங்கச் சிரிக்கிறார்.

யாஹுய் வாயைத் திறக்கிறாள். அதற்குள் பாட்டு நெருங்கிவிட்டது.

"ஈரத்துல ஓடாதம்மா, வழுக்கிரும். உன் பையையும் இப்படிக் குடு."

கொடுத்துவிடுகிறாள். அதையும் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு லியாவ் ஓடுகிறார்.