பத்துக்கு நாலு

தேயிலைக் கம்பெனியில் முப்பது வருடமாக ருசி பார்க்கும் தேவசித்தம் எந்த டீயையும் விழுங்குவதில்லை. சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, படிக்கத்தில் துப்பிவிடுவார். வீட்டிலும் அதே பழக்கம்தான். அன்று மனைவி செலின், பைன் மரத்துத் தளிரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். உறிஞ்சினார். எலுமிச்சைப் புளிப்பு, அடியில் பிசின் கசப்பு. பத்துக்கு நாலு என்று விரல்களைக் காட்டிவிட்டுப் படிக்கத்தின் மேல் குனிந்தார். "எந்த மரம்னு கேக்கலியே," என்றாள் செலின். வாய் நிறைந்திருந்ததால் புருவத்தை மட்டும் உயர்த்தினார். "கல்லறைத் தோட்டத்துல, நம்ம பாப்பா தலைமாட்டுல நீங்க நட்டது. நட்டதோட சரி, ஒரு தடவ வந்து பாத்தீங்களா?" குனிந்தவர் நிமிரவில்லை. செலின் படிக்கத்தைக் காலால் மெல்ல நகர்த்தினாள், அவருக்கு எட்டாத தூரத்துக்கு.