எல்மர், முதல் வகுப்பு

"அந்தப் பதிவேட்டை மட்டும் வெளியில வைக்காதீங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

வெண்டல் தொப்பியைப் பிசைந்தபடி நின்றான். கான்சஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே சுண்ணாம்புக்கல்லில் கட்டிய அந்த ஓரறைப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகமாகத் திறக்கப்படுகிறது. செவ்வாய்க்கிழமை பள்ளிக் குழுத் தேர்தல். வெண்டல் வேட்பாளர்.

அங்கே கடைசியாகப் பாடம் நடத்திய ஆல்வீனாவுக்குத் தொண்ணூற்றாறு வயது. பதிவேட்டின் தூசியை ஊதினார். ஆண்டு எழுதிய மூலைகளை எலி தின்றிருந்தது. மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தது.

"என் கையெழுத்து. இதுல ஒரு வரி பொய் கிடையாது."

"அதான் டீச்சர் வினையே! 'எல்மர் நைக்விஸ்ட், முதல் வகுப்பு, தோல்வி.' அஞ்சு வருஷம் வரிசையா! எங்கப்பா தினமும் ரெண்டு பேப்பர் படிச்ச மனுஷன்!"

"பக்கத்துல குறிப்பும் எழுதியிருக்கேனே."

"அதைத்தான் கிளாரன்ஸ் பார்த்துட்டான். பெஞ்சு தூக்க வந்தவன், எழுதிட்டுப் போயி காபிக் கடையில சத்தமாப் படிக்கிறான். 'வகுப்பில் தூங்குகிறான். காரணமின்றி அழுகிறான். சாக்பீஸ் தின்கிறான்.' சாக்பீஸ் டீச்சர்! 'மக்குப் பய பெத்த மகனுக்குப் பள்ளிக் குழுவா?'ன்னு கேக்குறான். கடையே உருண்டு சிரிச்சுது."

"தின்னான்தான். நான்தான் விரலை விட்டு எடுத்தேன்."

"ஒரு தடவை பாஸ் போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"எப்படிடா போடுறது? ஒரு எழுத்து தெரியாது அவனுக்கு."

வெண்டல் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தான். முழங்கால் முகவாயில் இடித்தது. தேர்தல் போனால் போகட்டும், செத்துப்போன அப்பாவை ஊர் இப்படிக் கேலி செய்து சிரிக்கிறதே.

வெளியே காற்று கல்சுவரை உரசிக்கொண்டு போனது.

"நிஜமாவே அப்பா அவ்வளவு மக்கா, டீச்சர்?"

ஆல்வீனா கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் நான் யார்கிட்டயும் வாய் திறந்ததில்ல. அப்பல்லாம் ஆறு பிள்ளை இல்லாட்டிப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிருவாங்க. எங்கிட்ட இருந்தது அஞ்சு. நல்லவேளை, மேலதிகாரி பேரைத்தான் எண்ணுவாரு, ஆளை எண்ண மாட்டாரு."

"அதனால?"

"உன் தாத்தா ஒரு கூடையைக் கொண்டாந்து என் மேசை மேல வெச்சாரு. உங்கப்பன் பொறந்து அன்னிக்கு ஒம்பதாம் நாள்."