மூன்று பூட்டுகள்

ஏழு பெண்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது.

வருடக் கடைசி விடுமுறைக்கு விடுதியே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்க, ஊர் வெகுதூரம் என்பதால் அங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டு மாணவிகள் அவர்கள். விடுமுறையின் ஐந்தாம் நாள் காலையில், மாடிக்கு ஒன்றாக இருந்த மூன்று சமையலறைகளையும் விடுதிக் காப்பாளர் பூட்டிவிட்டார். இனி எல்லோருக்கும் கீழ்த்தளத்துச் சமையலறை ஒன்றுதான்.

கதவில் ஒரு சீட்டு: 'பராமரிப்புப் பணி.'

"என்ன பராமரிப்பு? ஒரு ஆணி அடிக்கிற சத்தம்கூடக் கேட்கலையே!" என்றாள் வக்கீல்.

சட்டம் படிக்கிறாள் என்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை அது. எதிரே சுவர் நின்றாலும் வாதாடுவாள்.

கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். அடுப்பு அடுப்பாக இருந்தது. குழாய் குழாயாக இருந்தது. பச்சைப் பொய்!

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா கூப்பிடுவாள். மூன்றாம் மாடிச் சமையலறையில், சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, சமைத்தபடியே முகம் பார்த்துப் பேசுவாள் வக்கீல்.

"லீவு விட்டாச்சே, ஒத்தையாவா கிடக்கிறே?"

"இல்லம்மா, கூட ஆறு பேர் இருக்காங்க. ஒண்ணாத்தான் சமைக்கிறோம், சாப்பிடறோம். இப்பத்தான் கடைக்குப் போனாங்க."

நாலு நாளாக அந்த ஆறு பேரும் கடையிலிருந்து திரும்பவே இல்லை.

'தனியாத் தவிக்கிறேன்னு தெரிஞ்சா அடுத்த விமானத்துல கூட்டிட்டு வந்துடுவேன்' என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருந்தார். இப்போது கீழ்த்தளத்தில், அத்தனை பேர் நடுவே நின்று அந்தப் பொய்யை எப்படிச் சொல்வது? அறையில் இருந்து பேசினாலோ, 'ஏன் படுத்திருக்கே? சமைக்கலையா? உடம்புக்கு என்ன?' என்று அம்மா தோண்ட ஆரம்பிப்பாள்.

மனு எழுதினாள். கதவு கதவாகத் தட்டினாள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் மூன்று பேரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள்.

இரண்டாம் மாடிக் கோடி அறை மட்டும் திறக்கவில்லை. "செத்தா போயிட்டா உள்ளே?" என்று முணுமுணுத்தாள்.

கதவு திறந்தது. "திட்டறதை மெதுவாத் திட்டுங்க. எனக்குப் புரியும்."

பல் மருத்துவம் படிப்பவள். ஒரு வருடம் மூத்தவள். தமிழ்க்காரி! ஒரே கூரையின் கீழ் நாலு மாதம் இருந்தும் தெரியவில்லை.

மனுவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நான் கையெழுத்துப் போடலை."

"ஏன்?"

"அப்புறம் சொல்றேன்."

"காப்பாளர்கிட்ட பயம். முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

"பல்லைப் பத்திக் கேளுங்க. முதுகெலும்பு எங்க பாடத்துல இல்லை."

வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கீழ்த்தளச் சமையலறையில் காப்பாளர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு முன் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், அவரும் தமிழ்க்காரர்தான். பசித்த வயிற்றோடு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியில் பல் டாக்டரும் வந்து, ஒரு கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.

"மூணு பூட்டுக்கும் விளக்கம் வேணும்" என்று மனுவை நீட்டினாள் வக்கீல்.

"கை ஈரமா இருக்கு, மேஜையில வை. அந்தப் பெரிய பாத்திரத்தை எடு."

"நான் வேலை செய்ய வரலை. வாதாட வந்திருக்கேன்."

"வாதாடிக்கிட்டே எடு."

வேறு வழியில்லாமல் எடுத்தாள். அப்போது போன் அடித்தது. மணி ஐந்து. எடுக்காவிட்டால் அம்மா விடமாட்டாள்.

திரையில் அம்மாவின் முகம். வக்கீலின் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி அரிசி களைகிறாள், இன்னொருத்தி தட்டுகளைத் துடைக்கிறாள், இரண்டு பேர் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அம்மா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"ஏய்... கடைக்குப் போனவங்க வந்துட்டாங்களாடி?"

வக்கீல் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பல் டாக்டர் நிமிர்ந்தாள். ஒரு தரம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு தரம் மகளின் முகத்தைப் பார்த்தாள். "ஆமா ஆன்ட்டி, கடையில ஒரே கூட்டம். இப்பத்தான் வந்தோம்."

"அப்பாடா! இவ என் மனசுக்காகச் சொல்றாளோன்னு நாலு நாளாத் தூக்கமே இல்லைம்மா எனக்கு. என்னங்க, இங்க வந்து பாருங்க, எத்தனை பேருன்னு!"

அப்பாவும் வந்து பார்த்தார். கையாட்டினார். விமானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

போனை வைத்த பிறகு வக்கீலின் குரல் இறங்கியிருந்தது. மனுவின் மேல் வெங்காயத் தோல் குவிந்திருந்தது. ஆனாலும் விடுவாளா?

"பராமரிப்புன்னு பொய் எழுதினது தப்புதானே?"

"தப்புதான். என் பேர்லயே எழுதிக்கோ" என்றார் காப்பாளர்.

"அவங்களை ஏன் கேட்கிறே?" பல் டாக்டர் கத்தியைக் கீழே வைத்தாள். "போன வருஷ லீவுக்கு நாலு சமையலறையும் திறந்துதான் இருந்தது. நான் காய்ச்சல்ல எழுந்திருக்க முடியாம நாலு நாள் கிடந்தேன். மேல சமைக்கிறா போலன்னு கீழ இருந்தவங்க நெனச்சாங்க. கீழ சாப்பிடறா போலன்னு மேல இருந்தவங்க நெனச்சாங்க. இந்த வருஷமும் நாலு நாள் பார்த்தேன். ஏழு பேரும் ஏழு கதவுக்குப் பின்னால."

நறுக்கிய வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் வக்கீல்.

"அதனாலதான் கையெழுத்துப் போடலையாக்கா?"

"எப்படிப் போடுவேன்? பூட்டச் சொல்லி முதல்ல மனு கொடுத்தவளே நான்தானே!"