பாலத்துக்கு அந்தப் பக்கம்

"இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான்க்கா. பாலத்தத் தாண்டிட்டா போதும், அப்புறம் பயமில்ல."

ஆம்புலன்ஸின் பின்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தபடி நர்ஸ் ஜிஸ்லேனி சொன்னாள். ஆக்ஸிஜன் முகமூடியை அவள் பிடித்திருந்த பக்குவத்தைப் பார்த்ததுமே லிண்டவ்ராவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி உயிர் ஸ்ட்ரெச்சரில் படுத்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

காலைக் காபியைப் பாதி குடிக்கும்போதே கணவர் பெர்னார்தினோவின் கையிலிருந்து கோப்பை நழுவிவிட்டது. உதடு நீலம் பாரித்துப் போனது. லிண்டவ்ரா போன் போட்ட ஐந்தாவது நிமிடம் வண்டி வாசலில் நின்றது. இப்படி ஒரு கவனிப்பு வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

சும்மாவா பின்னே? இதயம் பலவீனமான எழுபத்திரண்டு பேருக்கு ஊர் ஆஸ்பத்திரியில் தனிப் பதிவேடே இருந்தது. நாலு வருஷமாக, மாதம் தவறாமல், ஜிஸ்லேனி எடைமெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். எடை, கால் வீக்கம், மாத்திரை, ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பதுவரை எழுதிக்கொள்வாள். லிண்டவ்ரா சுட்ட சீஸ் ரொட்டியில் நாலு தின்றுவிட்டுத்தான் கிளம்புவாள்.

வண்டி தேவாலயத்தைச் சுற்றி, ஊர் ஆஸ்பத்திரியைத் தாண்டியது. வாசலில் புத்தம்புது பேனர் தொங்கியது: 'இந்த ஆண்டு எங்கள் ஊரில் இதயச் செயலிழப்பால் ஒரு மரணம்கூட இல்லை. நாளை அமைச்சர் வருகை.'

"ஏம்மா, இங்கயே எறக்கியிருக்கலாமே? இங்கயும் ஆக்ஸிஜன் இருக்கே."

"அக்கரையில பெரிய மிஷின் இருக்குக்கா. டாக்டரே சொல்லித்தான் கூட்டிட்டுப் போறேன்."

டாக்டரே சொன்னால் சரிதான் என்று லிண்டவ்ரா வாயை மூடிக்கொண்டாள். அதற்குள் அவரே மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். "இல்ல டாக்டர், மூச்சு இருக்கு. இன்னும் தாண்டல," என்று ஜிஸ்லேனி பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். சாவோ பாலோவில் இருக்கும் மகன் கிறிஸ்துமஸுக்குக்கூடப் போன் போடுவதில்லை. பெற்றது என்ன பிரயோஜனம்?

பெர்னார்தினோ முகமூடியைச் சற்று ஒதுக்கினார். "எங்கடி கொண்டு போறீங்க? வீட்டுக்குப் போலாம். என் கட்டில்ல படுக்கணும்."

"பேசாமப் படுங்க. நாலு வருஷமா உங்களக் கட்டிக் காத்தவ சொல்றா, கேளுங்க," என்று லிண்டவ்ரா அதட்டினாள்.

அவர் மனைவியின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

பாலத்துக்கு முன்னால் கரும்பு லாரிகள் வழிமறித்து நின்றன. "ஓரத்துல ஏத்தியாவது போ, ஜுவெனால்," என்று ஜிஸ்லேனி டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். அவள் கண் நாடியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தது. "கொஞ்சம் பொறுத்துக்குங்க மாமா, இன்னும் கொஞ்சம்தான்," என்று கெஞ்சினாள்.

ஒருவழியாக வண்டி பாலத்தைக் கடந்தது. பக்கத்து ஊரின் பச்சைப் பலகை கண்ணில் பட்டது. ஜிஸ்லேனி நிம்மதியாக மூச்சு விட்டாள். லிண்டவ்ராவும் விட்டாள். பெர்னார்தினோ விட்ட மூச்சு மட்டும் திரும்பி வரவில்லை.

விரலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. "தாண்டிட்டா பயமில்லன்னியேம்மா," என்று லிண்டவ்ரா அவள் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

ஜிஸ்லேனிக்கும் கண்ணீர் கொட்டியது. நாலு வருஷப் பழக்கம், அது பொய் அழுகை இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தாள். நோட்டில் எழுதினாள். பிறகு போனை எடுத்தாள்.

"பாலம் தாண்டித்தான் உசிரு போச்சு, டாக்டர். பேனரைக் கழட்ட வேணாம்."