ஞாயிற்றுக்கிழமை எழுதிய அத்தியாயம்

வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டும் அவள் மடிக்கணினியை மூடவில்லை.

வந்தது மதினி. கணவனின் அக்கா, உலகம்மாள். மதியச் சாப்பாட்டுக்கென்று தென்காசியிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பி வந்திருந்தாள்.

"வாங்க மதினி" என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.

மேசையின் ஓர் ஓரத்தில் மடிக்கணினி. மறு ஓரத்தில் நறுக்கிய வெண்டைக்காய், ஊறப்போட்ட புளி.

ஞாயிற்றுக்கிழமை எழுதுவதில்லை என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லை.

திங்களும் புதனும் இணையத்தில் கதை சொல்லும் ஒலிப்பதிவு. மகள் பள்ளிக்கூடம் போனதும் பீரோவைத் திறந்து, சேலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவாள். அப்போதுதான் தெருச் சத்தம் விழாது. செவ்வாயும் வெள்ளியும் கைபேசிச் செயலி ஒன்றில் ஓடும் தொடர்கதை. வியாழன், முன்பின் தெரியாதவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது.

சனி அவளுக்கே அவளுக்கு. மூன்று வருடமாக நகர மறுக்கும் ஒரு நாவலுக்கு.

ஞாயிறு வீட்டுக்கு.

இந்த வாரம் எல்லாம் குலைந்துபோனது. செவ்வாயன்று மகளுக்குக் காய்ச்சல். அது விட்டதும் வெள்ளிக்கிழமை செயலிக்காரர்களின் அழைப்பு.

தொடருக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி. கதையில் செண்பகம் புருஷன் வீட்டைவிட்டு வெளியேறி இருபது அத்தியாயம் ஆகிவிட்டது.

"அவங்க திரும்பிப் போயிடணும் மேடம். வாசகர்கள் எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. இல்லேன்னா அடுத்த தொடர் உங்களுக்குத் தர்றது கஷ்டம். ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

நாவலின் சனிக்கிழமையை எடுத்து அதற்குக் கொடுத்தாள்.

ஆறு முறை எழுதிப் பார்த்தாள். ஆறு முறையும் செண்பகம் புருஷன் வீட்டு வாசல்வரை வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

இப்போது மணி பன்னிரண்டு பத்து.

கணவன் பரமசிவன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அக்கா வந்திருக்கா. இன்னைக்காவது அத மூடி வையேன்."

"ஒரு மணிக்கு மூடுதேன். கொழம்ப நீங்க வைங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் வெண்டைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"புளி எவ்வளவு கரைக்கணும்?"

"நாக்குல வச்சுப் பாருங்க."

மதினி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளும் அந்தத் தொடரைப் படிப்பவள்தான். ஓர் அத்தியாயம்கூட விட்டதில்லை.

"செண்பகத்த எப்படி முடிக்கப் போற?"

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "புருஷங்கிட்டக் கொண்டு சேத்துருவா. வேற என்ன செய்ய?"

மதினி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பதினோரு வருடம் முன்னால் மதினி இதே வீட்டுக்கு வந்தாள். முன்னறிவிப்பு இல்லாமல், இடது கன்னம் வீங்கி. ஒன்பது நாள் இருந்தாள். பத்தாம் நாள் காலை தம்பியே கூட்டிக்கொண்டு போய் புருஷன் வீட்டில் விட்டு வந்தான். பிள்ளைகளை நினைத்துப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அன்றைக்கு அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. போக வேண்டாம் என்று தடுக்கவில்லை. வழியில் சாப்பிட முறுக்கு கட்டிக் கொடுத்தாள்.

அதன்பிறகு அந்த ஒன்பது நாளை யாரும் வாயால் சொன்னதில்லை. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அடுப்படியில் கடுகு வெடித்தது.

மதினி மேசைமீது கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள். குரல் தம்பிக்குக் கேட்காத அளவுக்கு இருந்தது.

"அவளயாவது அனுப்பாத."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மதினி பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை எழுதிய ஆறையும் அவள் அழித்தாள். விரல்கள் நிற்காமல் ஓடின. செண்பகம் வாசலைப் பார்த்தாள். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. சமைக்க ஆள் வேண்டும் என்று காத்திருந்தார்கள். செண்பகம் திரும்பி நடந்தாள். மன்னிப்பு இல்லை. கண்ணீர் இல்லை. மழைகூட இல்லை. நல்ல வெயில்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள்.

மூன்றாவது நிமிடம் கைபேசி அடித்தது. செயலிக்காரர்கள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் அதை அணைத்துவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

அடுத்த தொடர் போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் இனி நாவலுக்கு.

வாசலோரம் மதினியின் பை வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. நகர்த்தி வைக்கலாம் என்று தூக்கினாள்.

ஒரு கையால் தூக்க முடியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் கொண்டுவரும் கனம் இல்லை அது.

அவள் மதினியைப் பார்த்தாள். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடது கை முழங்கைவரை சேலைக்குள் மறைந்திருந்தது.

கரண்டியோடு பரமசிவன் எட்டிப் பார்த்தான்.

"சாயங்காலம் எத்தன மணி பஸ்ஸு, அக்கா? நான் கொண்டுவந்து ஏத்திவிடுதேன்."

அவள் இரண்டு கையாலும் பையைத் தூக்கி உள்ளறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து, கணவனுக்கும் மதினிக்கும் நடுவில் நின்றாள்.

"பஸ்ஸெல்லாம் கெடையாது" என்றாள். "தட்ட எடுத்து வைங்க. மதினிக்கு மொதல்ல."